வலிக்காத பாதப் புண்: ஒரு தேங்காய்ச் சில்லும் நான்கு திசுக்களும்

பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் குடியிருப்பவர், வயது 56, லாரி ஓட்டுநர், இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது தெரிந்து 14 வருடம் ஆகிறது. மாத்திரையை கிளினிக்கில் ஒழுங்காக வாங்கிவிடுவார், ஆனால் இரவு ஓட்டம் இருக்கும் நாட்களில் சாப்பிடாமல் விட்டுவிடுவார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், இங்கே அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன், ஏனென்றால் நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதத்தின் பின்னால் வெறுங்காலோடு நடந்திருக்கிறார், மறுநாள் தண்ணீர்மலைக் கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறியிருக்கிறார். பினாங்குத் தைப்பூசத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரதம் வரும் வழியெங்கும் தேங்காயை மலைமலையாகக் குவித்து உடைப்பார்கள், வாரி அள்ளுவதற்குள் சாலை முழுக்க ஓட்டுச் சில்லும் தேங்காய்த் தண்ணீரும்தான். அதில் ஒரு சில்லு அவருடைய வலது பெருவிரலின் அடியில், நடக்கும்போது பாரம் விழுகிற அந்த மேட்டில், உள்ளே ஏறிவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் லாரியும் ஓட்டினார், படியும் ஏறினார், கடைசியில் அவர் மனைவிதான் சாக்ஸில் பழுப்புக் கறையைப் பார்த்து, வாடையும் வரவே, காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

புண் பராமரிப்புப் பிரிவில் எங்களிடம் வந்தபோது அவர் முதலில் சொன்னது: "வலியே இல்லையே மிஸ்ஸி (நர்ஸ்), வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருக்க மாட்டேனா?" நோயின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

இந்த நிகழ்வைத் திசு திசுவாக எழுத ஒரு காரணம் உண்டு. வீட்டில் எல்லோரும் கேட்பது "புண் எப்ப ஆறும்?" என்று. அதற்கு ஒரே பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே புண்பட்டிருப்பது ஒரு பொருள் இல்லை. பெரும்பாலான விலங்குகளின் உடலைப் போல நம் உடலும் நான்கு வகைத் திசுக்களால் ஆனது: மூடிக் காக்கும் எபிதீலியம், தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசு, இழுத்து அசைக்கும் தசை, உணர்ந்து செய்தி கொண்டுபோகும் நரம்பு. நான்கும் வெவ்வேறு வேகத்தில் ஆறுகின்றன, ஒன்று பல நேரம் ஆறுவதே இல்லை, அதோடு ஒன்று கெட்டால் மற்றதை எப்படிக் கெடுக்கிறது என்பதை நீரிழிவுப் பாதத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை என்பது என் கருத்து.

(உறுப்புக்குள் திசுக்கள் இருக்கின்றன, நோய் பிடிப்பது திசுவைத்தான் என்று பிரெஞ்சு மருத்துவர் ஸேவியர் பிஷா சொல்லி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நுண்ணோக்கியைத் தொடாமல், அறுத்தும் ஊறவைத்தும் வேகவைத்தும் பார்த்தே 21 வகைத் திசுக்களைப் பட்டியலிட்டவர், 1802-ல் 30 வயதில் இறந்துபோனார். அந்த 21 பிற்பாடு நுண்ணோக்கியின் உதவியால் நான்கு பெரும் வகைக்குள் அடங்கியது.)

வந்த அன்று பார்த்தது

புண்ணின் வாய் ஏறக்குறைய 2 செ.மீ., சுற்றிலும் தடித்த காய்ப்பு, ஆழம் 9 மி.மீ., உள்ளே சீழ். விளிம்பைத் தாண்டி 3 செ.மீ. வரை சிவப்பு. காய்ச்சல் லேசாக. ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 17.4 மில்லிமோல், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 10.8%. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. இதை நம்பிவிடக் கூடாது, மரம், முள், தேங்காய் ஓடு மாதிரியான பொருள்கள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் விழாது. அல்ட்ராசவுண்டில்தான் கொழுப்புக்குள் ஒரு கோடு மாதிரி கிடந்தது. அறுவை மருத்துவர் திறந்து எடுத்தபோது ஒரு செ.மீ.க்குக் குறைவான ஓட்டுச் சில்லு. மழுங்கிய உலோகக் குச்சியால் அடித்தளத்தைத் தொட்டுப் பார்த்ததில் எலும்பு தட்டவில்லை, அது பெரிய ஆறுதல், தட்டியிருந்தால் எலும்பிலேயே கிருமி போயிருக்க வாய்ப்பு அதிகம், சிகிச்சையும் நீண்டு போயிருக்கும்.

முதலில் போனது நரம்பு

நரம்புத் திசுவில் இரண்டு வகைச் செல்கள். செய்தி கடத்துபவை நியூரான்கள், அவற்றைப் போர்த்தி ஊட்டிக் காப்பவை கிளியா செல்கள், கைகால் நரம்புகளில் அந்த வேலை ஷ்வான் செல்களுடையது. பெருவிரல் நுனியின் தொடுவுணர்ச்சியைச் சொல்லும் நியூரானின் உடல் இடுப்புக்குப் பக்கத்தில் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது, அதன் இழையான ஆக்சான் கால் முழுக்க இறங்கி விரல் வரை வருகிறது, அதாவது ஒரே செல் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அந்த இழை முழுவதற்கும் தேவையான புரதம் மேலேயிருந்துதான் இறங்கி வர வேண்டும். சர்க்கரை வருடக்கணக்கில் கூடிக் கிடந்தால் இழையும் கெடுகிறது, இழைக்கு ரத்தம் தரும் மிகச் சிறு குழாய்களும் கெடுகின்றன, நீளமான இழைக்கு அடி முதலில் விழுகிறது. அதனால்தான் மரத்துப் போவது விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் ஏறுவது போல மேலே ஏறுகிறது, கைவிரல்களுக்கு வருவது பல வருடம் கழித்து.

அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டோம். வலது பாதத்தில் ஒரு இடத்திலும் "ஆமா" வரவில்லை. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டுப் பெருவிரலில் வைத்தால் ஒன்றுமில்லை, கணுக்காலில் ஒன்றுமில்லை, முழங்காலில் வைத்ததும்தான் "இப்ப தெரியுது" என்றார்.

உணர்ச்சி நரம்போடு கதை முடியவில்லை. வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் தன்னியக்க நரம்புகளும் கூடவே போய்விட்டன, பாதம் வியர்க்காமல் காய்ந்து வெடித்திருந்தது. அப்புறம் அசைவு நரம்புகள். அவை போனதன் பலன் தசையில் தெரிந்தது.

தசை: மூன்று வகையும் இந்தக் கதையில் உண்டு

அண்ணனின் கால்விரல்கள் எல்லாம் நகம் தரையைக் கொத்துகிற மாதிரி மடங்கியிருந்தன, விரல் அடிகள் மேலே தூக்கியிருந்தன, புறங்காலில் எலும்புகளுக்கு நடுவே பள்ளம். பாதத்துக்குள்ளேயே தொடங்கிப் பாதத்திலேயே முடியும் சின்னச் சின்ன எலும்புத்தசைகள் இளைத்துப்போனதன் அடையாளம் இது. எலும்புத்தசை வரிகள் கொண்டது, ஒவ்வொரு நாரும் பல உட்கருக்கள் கொண்ட நீண்ட செல், நம் விருப்பப்படி இயங்குவது, ஆனால் நரம்பின் தூண்டுதல் நின்றுபோனால் வேலையும் போகும், பருமனும் போகும். கெண்டைக்காலிலிருந்து வரும் பெரிய தசைகள் இன்னும் இழுக்கின்றன, எதிர்த்துப் பிடிக்க வேண்டிய சின்னத் தசைகள் இல்லை, விரல் வளைந்துவிடுகிறது. விரல் வளையும்போது அதன் அடியிலிருந்த கொழுப்பு மெத்தை முன்னால் நகர்ந்து போகிறது, எலும்பின் முனை நேராகத் தோல்மேல் உட்காருகிறது. சில்லு வேறு எங்காவது குத்தியிருந்தால் ஒருவேளை தானாக வெளியே வந்திருக்கும். அந்த மேட்டில் குத்தியதால் ஒவ்வொரு அடியிலும் எலும்பே அதை உள்ளே அழுத்திக்கொண்டிருந்தது.

மென்தசை இன்னொரு வகை, வரிகள் இல்லாதது, கதிர் வடிவச் செல், நம் கட்டளைக்கு உட்படாதது, குடலிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இருப்பது. நீரிழிவில் தமனிகளின் தசை அடுக்கில் சுண்ணாம்பு படியும். அப்படி இறுகிய குழாயை ரத்த அழுத்தப் பட்டையால் அமுக்கவே முடியாது, எனவே கணுக்கால் அழுத்தம் பொய்யாக உயர்ந்து காட்டும். அண்ணனுக்குக் கணுக்கால்-கை விகிதம் (கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தது) 1.4 வந்தது, பார்ப்பவர்கள் "ரத்த ஓட்டம் பிரமாதம்" என்று நினைக்கலாம், அது இந்தச் சுண்ணாம்பின் வேலை. பெருவிரலில் தனியாக அளந்தோம், 70 மி.மீ. பாதரசம். ஆறுவதற்கு அது போதும்.

மூன்றாவது இதயத்தசை, வரிகளும் உண்டு, கிளைகளும் உண்டு, ஓயாமல் தானே துடிப்பது. நீரிழிவில் இதயத்துக்குப் போகும் நரம்புகளும் கெடலாம், மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம், அதனால் ஈசிஜியும் எடுத்தோம். பழுதில்லை.

எலும்புத்தசை பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு ரத்தத்திலிருந்து சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்வது இந்தத் திசுதான், வேலை செய்யும் தசை இன்சுலின் குறைவாக இருந்தாலும் சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளும். புண் ஆற நடக்கக் கூடாது, சர்க்கரை இறங்க நடக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைக்கும் தோளுக்கும் பயிற்சி கொடுத்தோம், சின்னத் தண்ணீர் போத்தல்களைத் தூக்கி இறக்குவது, அவ்வளவுதான், தினமும் செய்தார்.

இணைப்புத் திசு, அதாவது புண்ணின் அடித்தளம்

புண்ணுக்குள் பார்க்கும்போது நான் பார்ப்பது பெரும்பாலும் இணைப்புத் திசுவைத்தான். மற்ற திசுக்களில் செல்கள் நெருக்கமாக இருக்கும், இதில் செல்கள் விலகி இருக்கும், இடையே நார்களும் கூழும் நிரம்பியிருக்கும், அந்த இடைப்பொருள்தான் இதன் பலம். உட்தோலில் கொலாஜன் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன, எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்க. தசைநாணில் ஒரே திசையில் அடுக்கியிருக்கின்றன, ஏனென்றால் இழுப்பு ஒரே திசையில். கொழுப்பு, குருத்தெலும்பு, எலும்பு, ஏன், ரத்தம் கூட இந்த வகைதான், ரத்தத்தில் இடைப்பொருள் திரவமாக இருக்கிறது.

சீழைக் கழுவி, செத்த திசுவை வெட்டியெடுத்த அன்று நிறம்தான் வழிகாட்டி. உயிருள்ள கொழுப்பு மஞ்சளாகப் பளபளக்கும், செத்தது சாம்பல் நிறமாக மங்கிப்போகும். அதற்குக் கீழே வெள்ளையாக மின்னியது பாதத்தின் அடிநார்ப் பட்டை, நல்ல வேளையாக முழுசாக இருந்தது.

சர்க்கரை கொலாஜனை நேரடியாகவே கெடுக்கும். கூடுதல் சர்க்கரை நார்களில் தானாக ஒட்டி, நாளடைவில் நாருக்கு நார் குறுக்கே பாலம் போட்டு இறுக்கிவிடுகிறது. அண்ணனைக் கை கூப்பச் சொன்னேன், விரல்கள் ஒன்றோடொன்று படியவில்லை, உள்ளங்கைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. கையில் அப்படியென்றால் பாதத்தின் மூட்டுகளும் விறைத்திருக்கும், விறைத்த பாதம் பாரத்தைப் பரப்பாமல் ஒரே இடத்தில் குவிக்கும். இதே ஒட்டுதல் சிவப்பணுவின் ஹீமோகுளோபினிலும் நடக்கிறது, சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடுகிறது, சோதனைக்கு முதல் நாள் மட்டும் பத்தியமாக இருந்து மறைக்க முடியாது.

புண் ஆறுவதில் பாதிக்கு மேல் இந்தத் திசுவின் உழைப்புதான். தட்டணுக்கள் அடைக்கும், வெள்ளணுக்கள் கிருமியைத் தின்னும் (சர்க்கரை கூடினால் அவை மந்தமாகிவிடும், இன்சுலினை முதல் நாளே தொடங்கியதற்கு இதுவும் காரணம்), பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வந்து மூன்றாம் வகைக் கொலாஜனை அவசரமாகப் போடும், புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கும், அடித்தளம் சிவப்பு மணிமணியாகத் தெரியும். பின்னர் மாதக்கணக்கில் அது உறுதியான முதல் வகைக் கொலாஜனாக மாற்றப்படும். எவ்வளவு நன்றாக ஆறினாலும் தழும்பு பழைய தோலின் பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

வீட்டில் அக்கா (அண்ணனின் மனைவி) முட்டை, மீன், கோழி எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தார், சீழ் வைக்கும் என்று. பாசத்தில் செய்தது, எங்கள் பக்கம் பல வீடுகளில் இந்தப் பத்தியம் உண்டு. ஆனால் கொலாஜன் ஒரு புரதம், புரதம் சாப்பிடாமல் உடல் அதை எங்கிருந்து நெய்யும்? அதன் இழைகள் முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி வேறு வேண்டும். முட்டையும் மீனும் திரும்ப வந்தன, கூடவே கொய்யாவும் கீரையும், சோற்றில் பாதி குறைந்தது.

எபிதீலியம் கடைசியில் வருகிறது

தோலின் மேலடுக்கு, குடலின் உள்பூச்சு, மூச்சுக்குழலில் சளியைத் தள்ளும் குற்றிழைகள் கொண்ட வரிசை, சிறுநீரகக் குழல்களின் கனசதுரச் செல்கள், ரத்தக் குழாயின் உட்புற ஒற்றைப் படலம், எல்லாம் எபிதீலியம். வேலைக்கேற்ற வடிவம்: உறிஞ்ச வேண்டிய இடத்தில் ஒற்றை அடுக்கு, உராய்வு இருக்கும் இடத்தில் பல அடுக்கு. பாதத்தில் அது உடலிலேயே தடிமனானது, மேலே கெரட்டின் நிறைந்த செத்த செல்கள், அடியில் ஓயாமல் பிரியும் உயிர்ச் செல்கள்.

இந்தத் திசுவுக்குள் ரத்தக் குழாய் கிடையாது, கீழேயுள்ள உட்தோலிலிருந்து ஊறி வருவதுதான் உணவு. ஆகவே அடித்தளம் நிரம்பாமல் மேல்தோல் மூடாது. மூடும் முறையும் கவனிக்க வேண்டியது: விளிம்பிலுள்ள செல்கள் பிடியைத் தளர்த்தி ஈரமான அடித்தளத்தின் மேல் ஊர்ந்து வருகின்றன. காய்ந்த பொருக்கு இருந்தால் அதன் அடியில் துளைத்துக்கொண்டு போக வேண்டும், நேரம் பிடிக்கும். 1962-ல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரம் காத்த காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடியதைக் காட்டினார். புண்ணைக் காற்றாட விட்டு மஞ்சள் தூளைத் தூவிக் காய வைக்காதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதனால்தான். அண்ணனின் புண்ணிலும் மஞ்சள் பூசியிருந்தது, அது விளிம்பின் நிறத்தையே மறைத்துவிட்டது, கழுவிய பிறகுதான் சிவப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது.

சர்க்கரை தாக்கும் மற்ற எபிதீலியங்களையும் விட்டுவிடக் கூடாது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் கசிவு இருந்தது, சிறுநீரக வடிகட்டியின் படலத்தில் சேதம் தொடங்கிவிட்டது. விழித்திரைப் படமும் எடுக்க அனுப்பினோம்.

பாரத்தை எடுத்தல்

வெட்டிச் சுத்தம் செய்தது, ஆன்டிபயாடிக், இன்சுலின், ஈரம் காக்கும் கட்டு, எல்லாம் சேர்ந்தும் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடிகள் அந்த மேட்டில் விழுந்துகொண்டிருந்தால் வீண். கிருமி அடங்கி, மூன்றாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயிலும் எலும்பு சரியாக இருந்ததைப் பார்த்த பிறகு, பாதத்தை முழுக்க ஒட்டிப் பிடிக்கும் மாவுக்கட்டு போட்டோம். உள்ளங்கால் முழுவதும் கட்டைத் தொடுவதால் பாரம் பரவுகிறது, கொஞ்சம் காலின் சுவருக்கே போய்விடுகிறது. வாரம் ஒரு முறை கழற்றி, பார்த்து, மாற்றுவோம்.

இந்த முறையின் வேரில் நம் ஊர் மண்ணும் இருக்கிறது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம் பட்டு அழிகின்றன என்பதைக் கண்டுகொண்டார். உணர்ச்சியற்ற பாதத்தின் புண்ணை மாவுக்கட்டில் வைத்து ஆற்றும் அனுபவத்தை 1960-களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து அது நீரிழிவுப் பாதங்களுக்குப் பரவியது. வலி ஒரு பாதுகாப்பு என்று அவர் வாழ்நாள் முழுதும் பேசினார். பினாங்கில் உட்கார்ந்து அண்ணனுக்கு அதை விளக்கும்போது வேலூர் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவருடைய தாத்தா ஊர் ஆற்காடு பக்கமாம்.

பத்தாவது வாரம் புண் மூடியது. எச்பிஏ1சி 8.1%க்கு இறங்கியது, இன்னும் இறங்க வேண்டும். ஆழமான முன்பகுதியும் வார்த்த உள்தட்டும் கொண்ட காலணி செய்து கொடுத்தார்கள்.

சமூகம் என்று வரும்போது இதை ஒருவரின் கதையாக விட்டுவிட முடியவில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3% பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4%. தைப்பூசக் கூட்டத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தெரியும்? நேர்த்திக்கடனை விடச் சொல்லவில்லை. நடப்பதற்கு ஒரு மாதம் முன்பு கிளினிக்கில் அந்த நைலான் இழைச் சோதனையைக் கேளுங்கள், சில நிமிட வேலை. உணர்ச்சி போயிருந்தால் காலணியோடு நடங்கள், மருத்துவர் சொல்லிவிட்டார் என்று கோயில் பெரியவர்களிடமே சொல்லலாம், யாரும் தடுக்கப்போவதில்லை என்று நம்புகிறேன். வெறுங்காலோடு நடந்துவிட்டீர்களா, அன்றிரவே விளக்கு வெளிச்சத்தில் வேறொருவர் உள்ளங்காலைப் பார்க்கட்டும், மறுநாளும் பார்க்கட்டும்.

ஆறு மாதம் கழித்து நைலான் இழையால் மறுபடி தொட்டோம். வலது பாதம் அப்படியே இருக்கிறது, ஒரு புள்ளியிலும் பதில் இல்லை. வெட்டுப்பட்ட நரம்பு நல்ல உடலில் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. வளரலாம், ஆனால் வருடக்கணக்கில் சர்க்கரையில் இளைத்த நரம்பு அப்படி வளர்ந்து வரும் என்று நம்பிக்கை கொடுக்க என்னால் முடியவில்லை, அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆறிய பாதப் புண்களில் ஏறக்குறைய 40% ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகின்றன. அண்ணனின் இடது காலில், அதே பெருவிரல் மேட்டில், அதே மாதிரி வளைந்த விரலுக்குக் கீழே, காய்ப்பு கட்டத் தொடங்கியிருக்கிறது. தோல் இன்னும் உடையவில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்து சீவிக்கொண்டு போகிறார், வராவிட்டால் அக்கா போன் செய்து நாள் மாற்றி வாங்குகிறார்.